நான் கேட்காத பாட்டு

சைக்கிள் பெடலைக் கையால் சுற்றுவது ஒன்றும் கடினமான வேலை இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சீராகச் சுற்றினால், டைனமோவில் வரும் மின்சாரத்தில், கசெற் போட்டுக் காதில் மாட்டிக் கேட்கும் ஒரு வோக்மன் பாடும். தொண்ணூற்று மூன்றில், போர்க்காலத்தில், குருநகரில் மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. என்னோடு படித்த அடைக்கலநாதனின் வோக்மனுக்கு நான்தான் சுற்றினேன். என் நாட்குறிப்பின்படி நான்கு மாதமும் ஆறு நாட்களும்.

அவனுடைய அண்ணை லண்டனிலிருந்து அனுப்பிய ஒரே கசெற் அது. பங்க் இசை ஓய்ந்த கையோடு இங்கிலாந்தில் கிளம்பிய நான்கு பேரின் குழு. அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டு ஒன்றைத்தான் அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். தொழிற்சாலை வாசலில் வேலைக்குக் காத்து நிற்கும் ஒருவனைப் பற்றியதாம். பாடகன் பாடுவதில்லையாம், கோபமாகக் கதைப்பானாம். கிற்றார் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்குமாம். எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "ஒருக்கா நான் கேக்கட்டே?"

"அப்ப ஆர் சுத்திறது? உனக்கு உது விளங்காதடா. உது கோவக்காரற்றை பாட்டு. உனக்குத்தான் கோவமே வராதே."

டைனமோ இரைச்சல் பாட்டைக் கெடுக்கிறதென்று, பிறகு சைக்கிளை வீட்டு வளவின் மூலையில், குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கரின் வாசலோடு வைக்கச் சொன்னான். நாற்பது அடி வயர் இழுத்தோம். அவன் அறையில் கட்டிலில் படுத்திருப்பான்.

மாலை நேர ஆங்கில வகுப்பில், பிடித்த பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார் அற்புதராணி ரீச்சர். அவன் பத்து நிமிடம் பேசினான். ரீச்சர் என்னைப் பார்த்து, "நீரும் கேட்டிருக்கிறீரோ?" என்றார்.

"இல்லை ரீச்சர்," என்று அவன் முந்திக்கொண்டான். "உவன் என்ரை டைனமோ."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். நாட்குறிப்பில் ஒரு வரியை எழுதி மூன்று முறை வெட்டினேன். மிகைப்படுத்துகிறேனோ என்ற ஐயம். நான்காம் முறை வெட்டவில்லை: அவன் செத்தால் நான் அழமாட்டேன்.

பதினொரு நாள் கழித்து, பின்னேரம் நாலு மணி. அவனுடைய தாய் லூர்த்தம்மா மாமி கோயிலுக்குப் போயிருந்தார். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து பொம்பர் விமானம் வந்தது. அயலில் எல்லோரும் ஓடினார்கள். பொம்பர் முதலில் ஒரு வட்டம் அடித்துப் பார்க்கும், பிறகுதான் குண்டு போடும். நான் பங்கர் படியில் இறங்கினேன். அங்கிருந்தும் பெடல் கைக்கு எட்டியது.

நான் கத்தவில்லை என்று குறை சொல்லலாம். கத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையை எடுத்திருந்தால் பாட்டு நின்றிருக்கும். என்னை ஏசுவதற்காகவாவது அவன் ஹெட்போனைக் கழற்றியிருப்பான். பொம்பர் இரைச்சல் கேட்டு ஓடி வந்திருப்பான். நான் இதையெல்லாம் யோசித்தேன். பெடலை அதே வேகத்தில் சுற்றினேன். எண்பத்திரண்டு சுற்று. அதற்குப் பிறகு அங்கே வீடு இருக்கவில்லை.

இதை எழுதும்போதும் என் கோபம் ஆறவில்லை.

அடக்கம் முடிந்ததும் லூர்த்தம்மா மாமி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கடைசியா நீதானே அவனோடை நிண்டனி. பிள்ளை பயந்தவனோ?"

"இல்லை மாமி. பொம்பர் வந்ததே அவனுக்குத் தெரியாது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன்."

அவர் என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். மூன்று நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சாப்பிட்டார் என்று அயலில் சொன்னார்கள். அந்த ஆறுதலை அவருக்கு நான்தான் கொடுத்தேன். வேறு யாராலும் கொடுத்திருக்க முடியாது.