மூன்றாவது பந்து

கிட்டே வந்து உட்காருங்கள். இது நண்பன் ஒருவனின் அக்காவுக்கு நடந்தது.

இரவு இரண்டு மணி. ஆள் அரவமற்ற சாலை. அக்கா ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தாள். தோள்பைக்குள் ஒரு சத்தம்... டக். கொஞ்சம் பொறுத்து... டக்.

அக்கா நுரையீரல் வார்டில் நர்ஸ். பைக்குள் இருந்தது மூச்சுப் பயிற்சிக் கருவி. ஆபரேஷன் ஆனவர்கள் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால், மூன்று பிளாஸ்டிக் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். நிறுத்தினால் விழுந்துவிடும்.

அது ஏழாம் படுக்கைத் தையல்காரருடையது. இரண்டு பந்தைத் தாண்டியதில்லை மனிதர். "மூணாவதையும் தூக்கிக் காட்டாம இங்கேருந்து கிளம்ப மாட்டேன் சிஸ்டர்" என்பார். பந்து ஏறக் காணோம், வாய்தான் நீள்கிறது என்று அக்கா சீண்டுவாள்.

ஆபரேஷனில் வெட்டியதுபோக மிச்சமிருக்கும் நுரையீரல் வீங்கி மூச்சு முட்டாமலிருக்க அவருக்கு ஸ்டீராய்டு ஊசி. ஒரு ராத்திரி தலைக்கு மேல் வேலை. அவசரத்தில் அந்த வார்டில் எல்லோரும் செய்வதுபோல, போடுவதற்கு முன்பே சார்ட்டில் டிக் அடித்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பினாள். மூன்றாம் படுக்கையில் ஒருவர் ரத்தமாகக் கக்கினார். ஓடினாள். ஊசி மறந்தே போனது. காலை ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ் டிக்கைப் பார்த்து, ஊசி போட்டாயிற்று என்று நகர்ந்தாள். மத்தியானம் அவருக்கு மூச்சுத் திணறியது. இருட்டுவதற்குள் போய்விட்டார்.

போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அக்கா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி வார்டுக்கே வந்து, பெற்ற மகளைப்போலப் பார்த்துக்கொண்டாய் என்று அந்தக் கருவியைக் கையில் கொடுத்தாள். அக்கா வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அன்று இரவு வேலை முடியத் தாமதமாகி வீடு திரும்பும்போதுதான் அந்தச் சத்தம். வண்டியை ஓரங்கட்டினாள். தையல் மெஷின் எண்ணெய் வாசனை... குப்பென்று. பையைத் திறந்தாள். இரண்டு பந்துகள் மேலே நின்றன. மூன்றாவது நடுங்கி நடுங்கி ஏறியது... டக்.

"ஐயா, நான் ஊசி போடல" என்றாள் அக்கா. அவர் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

விடிந்ததும் அவர் மனைவியைத் தேடிப்போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"தெரியும்மா. அன்னிக்கு ஊசி வரலேன்னு கூப்பிடப் போனேன். அவர்தான், பாவம் அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, விடுன்னாரு. நானும் விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்த கருவியைப் பார்த்தாள். மூன்று பந்துகளும் மேலேயே இருந்தன. இன்றைக்கு நாலு வருஷம் ஆகிறது... இழுத்த மூச்சை அவர் இன்னும் விடவில்லை.