மேஜைமேல் ஒரே டப்பா

போன அக்டோபரில் நான் உங்களிடம் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. என் சிநேகிதன் டெல்பர்ட்டின் கொட்டகையில், மேஜைமேல் இரண்டு வெடிமருந்து டப்பாக்கள் இருந்தன என்று சொல்லியிருந்தேன். ஒன்றுதான் இருந்தது. நீங்கள் ஷெரீப் ஆபீஸ்காரர், துப்பாக்கி தெரியாதவர் இல்லை. ஆனால் தோட்டாவைக் கடையில் வாங்குகிற ஆள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், காபியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் வயோமிங்கில் தூரத்திலிருந்து எல்க் மானை அடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்கள். சுட்டுப் போட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, புது மருந்தை நிறுத்துப் போட்டு, தலையில் குண்டை அழுத்தி வைப்போம். கடைத் தோட்டா ஊருக்கெல்லாம் தைத்த சட்டை. நாங்கள் கட்டுவது ஒரே ஒரு துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைப்பது. மருந்தைத் துளித் துளியாகக் கூட்டிப் பார்ப்போம், குறைத்துப் பார்ப்போம். குண்டை மயிரிழை உள்ளே தள்ளுவோம், மயிரிழை வெளியே விடுவோம். சுடுகிற மூன்றும் ஒரே ஓட்டையில் விழுகிறவரை விடமாட்டோம். பொறுமை இல்லாதவனுக்கு இது சரிப்படாது.

இதில் யாரும் மீறாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. மேஜைமேல் ஒரே டப்பாதான் இருக்கவேண்டும். கைத்துப்பாக்கி மருந்தும் பெரிய துப்பாக்கி மருந்தும் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம். ஆனால் கைத்துப்பாக்கி மருந்து குபீரென்று எரியும், மற்றது நிதானமாக எரியும். வேலை முடிந்து மிச்ச மருந்தை டப்பா மாற்றித் திருப்பிக் கொட்டிவிட்டால், துப்பாக்கி முகத்துக்கு முன்னால் வெடிக்கிறவரை யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் பயப்படுகிற தப்பு அது ஒன்றுதான். டெல்பர்ட் அப்படிக் கொட்டிவிட்டான் என்றேன், நீங்கள் உடனே நம்பினீர்கள். அவன் பெண்டாட்டி லவோனும் நம்பினாள். உங்கள் இருவர்மேலும் குறை இல்லை.

எனக்கு முழங்கால் போய்விட்டது, மலையேற முடியாது. அதனால் டெல்பர்ட் புதுத் துப்பாக்கி வாங்கியபோது, அதற்குத் தோட்டா கட்டித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோடை முழுக்க அவன் புல்வெளியில் உட்கார்ந்து சுட்டுப் பார்த்தேன். காற்று எழும்புமுன் போய்விடுவேன். ஒரு நாள் மூன்று குண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக விழுந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. என் ஆயுளில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

வேட்டை சீசன் தொடங்கிய அன்று வண்டியில் நானும் கூடப் போனேன். டெல்பர்ட் அந்தத் தோட்டாவை வைத்துப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு எல்க் கிடாவைச் சுட்டான். யோக்கியன் சுடுகிற தூரம் இல்லை அது. குண்டு வயிற்றில் பட்டது. மான் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

"போனா போகுது விடுடா ஆர்லோ. ரெண்டு நாள்ல கரடிக்குத் தீனி. பசிக்குது எனக்கு" என்றான்.

அவன் சாப்பிடப் போனான். நான் இந்த முழங்காலோடு ரத்தத்தின் பின்னாலேயே போனேன். இருட்டுகிறவரை தேடியும் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் எட்டும் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது என் தோட்டா அல்லவா. அந்தப் பாவம் என் தலையிலும்தான் விடிந்தது. நான் செய்ததற்குக் காரணம் அந்த மான்தான் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கேட்டால் அதையே எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் மறுநாள் காலை காபிக்கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கடை நிறைய ஆட்கள். லாரி ஓட்டும் ஹப் கேட்டான்: "அம்மாடி, அவ்ளோ தூரமா? எப்படிப்பா எட்டுச்சு?"

"எல்லாம் கைவேலைதான். கோடை பூரா உக்காந்து நானே கட்டுன தோட்டா" என்றான் டெல்பர்ட்.

"நீயா? ஆர்லோ கட்டுனதுன்னுல்ல நெனச்சேன்."

"ஆர்லோவா? பாவம், டப்பா தூக்கிக் குடுத்தான். நொண்டிக் குதிரைக்கு வேற என்ன வேலை குடுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். நானும் சிரித்தேன். டெல்பர்ட் என் தோளைத் தட்டி, தன் தட்டிலிருந்த பான்கேக்கை என் பக்கம் தள்ளினான். அவன் கெட்டவன் இல்லை. வாய்தான் அப்படி.

அன்று மத்தியானமே இன்னும் கொஞ்சம் தோட்டா கட்டலாம் என்று கூப்பிட்டான், போனேன். அலமாரியிலிருந்து ஒரே டப்பாவை எடுத்து வைத்தான். மருந்தை அளக்கும் குழாயில் நிரப்பித் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது லவோன் வெளியிலிருந்து கத்தினாள்: "கன்னுக்குட்டி வாய்க்கால்ல விழுந்திருச்சு, ஓடி வாங்க!" கன்று முங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதும் டெல்பர்ட் குழாயில் இருந்த மருந்தைத் திரும்ப அதே டப்பாவில் கொட்டினான். ஒட்டிய துகள் விழுகிறதற்காகக் குழாயை விரலால் தட்டினான். மூடியைத் திருகிவிட்டுத்தான் ஓடினான். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும், நான் வந்ததே இதற்காகத்தான்.

என்னால் ஓட முடியாது, அதனால் உட்கார்ந்திருந்தேன். கைத்துப்பாக்கி மருந்து மேல்தட்டில் இருந்தது. மேஜையில் இருந்த டப்பாவைக் காலி செய்து, அந்தக் கைத்துப்பாக்கி மருந்தை அதில் நிரப்பினேன். டப்பா தூக்கிக் கொடுக்கிறவனுக்கு அது பெரிய வேலை இல்லை. டெல்பர்ட் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். கன்று பிழைத்துவிட்டது. "எங்க விட்டோம்?" என்றான். அவன் மருந்தை நிறுத்துப் போட்டான். குண்டை அழுத்தி வைத்தது நான்.

மறுநாள் காலை புல்வெளிக்குப் போனோம். அவன் சுடும்போது நான் வலது தோள் பக்கம் தொலைநோக்கியோடு உட்காருவது வழக்கம். அன்று காபி ஃபிளாஸ்கை மறந்துவிட்டேன் என்று எழுந்து, பிக்கப் வண்டிக்கு அந்தப் பக்கம், இஞ்சினுக்குப் பின்னால் போய் நின்றேன். துப்பாக்கி கெட்டுப்போனால் போதும், இந்தச் சீசனுக்கு வாய் அடங்கும் என்றுதான் நினைத்தேன். இதையும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி மட்டும்தான் கெடும் என்று நினைக்கிறவன் எதற்கு இஞ்சினுக்குப் பின்னால் போய் ஒளிகிறான்? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் தோட்டாவிலேயே துப்பாக்கி வெடித்து, டெல்பர்ட்டுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகமெல்லாம் ரத்தம். கையால் காற்றைத் தடவி என்னைத் தேடினான். "ஆர்லோ, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. சோற்றில் கை வைத்தால் அது, படுத்தால் அது.

ஆஸ்பத்திரியிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டான். "ஒரே டப்பாதான்டா வெச்சேன். மூடி போட்டது இந்த விரலுக்கு ஞாபகம் இருக்கு."

"இல்ல டெல்பர்ட். ரெண்டு இருந்துச்சு. அவசரத்துல மாத்திக் கொட்டிட்ட. நான் பாத்தேன்" என்றேன்.

மூடி திருகிய விரலைத் தடவிக்கொண்டான். பிறகு, "நீ பாத்தேன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப என் மண்டைதான் பிசகிப்போச்சு" என்றான்.

அதன்பிறகு அவன் எதையும் நம்புவதில்லை. சாப்பிட்டோமா என்று கேட்பான், வேலிக்கதவைச் சாத்தினோமா என்று கேட்பான். லவோன் பதில் சொன்னாலும், "ஆர்லோவக் கேளு, அவன்தான் கரெக்டா சொல்லுவான்" என்பான். லவோன் போன வாரம் என் வீட்டுக்கு வந்து அழுதாள். "மூளைக் கோளாறுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா ஹோம்ல சேத்துடுவேன் ஆர்லோ. மாடெல்லாம் வித்துடறேன். நீங்க கூப்பிட்டாத்தான் அவர் வருவாரு." இன்றைக்குத்தான் அந்த டாக்டரைப் பார்க்கிற நாள். அதனால்தான் வழியில் இங்கே நிறுத்தினேன். அவன் மூளைக்கு ஒன்றும் இல்லை. அவன் ஞாபகம் வைத்திருக்கிற ஒவ்வொன்றும் சரி. உண்மையான கோளாறு என்னிடம்தான் இருக்கிறது. அதை டாக்டருக்குப் போன் செய்து நீங்கள் சொல்லிவிட்டால் போதும்.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை டெல்பர்ட்டிடம் மட்டும் சொல்லாதீர்கள். தன் தப்புதான் என்று ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறான். அதைப் போய்க் கலைப்பானேன்? வெளியே பிக்கப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஜன்னலை இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். நேரமாகிறது, நான் கிளம்பவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் படிகள் இருக்கின்றன. என் கையைத் தவிர வேறு யார் கையையும் அவன் நம்பிப் பிடிக்கமாட்டான்.