பதினான்காம் கட்டத்தில் நாங்கள் எழுதியது

பொருநை கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் விலங்கியல் துறைக்கு முதுகெலும்பாய் முன்நின்ற முதுபெரும் பேராசிரியரே, கண்ணுக்குத் தெரியாத செல்லின் சவ்வுக்குள் கண்ணுறங்காது கேள்விகளைத் தேடிய கருத்தின் செல்வியே, கேட்டவர் களைத்தாலும் கேள்வி களைக்காத பெருந்தகையே, முனைவர் தொ. லூசி அம்மையே, துறையினர் அனைவரின் வணக்கம்.

இந்தப் பணிநிறைவு விழா மடலை எழுதி வாசிப்பவன் சிவகணேஷ், பதினோரு ஆண்டுகளாக உங்களுக்கு அடுத்த அறைக்காரன். இதில் இன்னும் ஒன்பது அடைமொழிகள் இருந்தன. நேற்று ஒத்திகை பார்க்கையில் உடன் பேராசிரியர் சுகிர்தா, "மேடம் மேடையில இருந்து எந்திரிச்சுப் போயிருவாங்க, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி ஒன்பதையும் அடித்துவிட்டார். எனக்கு அடைமொழி என்றால் உயிர் என்பது ஊரறிந்த சேதி. ஆனாலும் இன்று நான் சொல்ல வந்த செய்திக்கு அவை பொருந்தாது என்பதால் அடங்கிப்போனேன்.

முறைப்படி உங்கள் பணிச்சிறப்பைச் சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள், நான்கு முதல்வர்கள், இரண்டு கட்டடங்கள், ஒவ்வொரு முறை பழுதானபோதும் நீங்களே திருகாணியைக் கழற்றிச் சரிசெய்த ஒரு சென்ட்ரிஃபியூஜ் எந்திரம். செல் சவ்வைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எவனாவது ஒரு மாணவன் எழுந்து, அது மீன்வலை மாதிரி என்பான். தொம்மை என்ற தோணிக்காரரின் மகளான உங்களுக்கு அது பொறுக்காது. "ஏலே, வலை தெரிஞ்சவ சொல்லுதேன், அது வலை இல்ல. வலை சின்னதை விட்டுரும், பெருசைப் பிடிச்சுக்கிடும், அவ்வளவுதான். இது ஆளைப் பாத்துல்லா விடுது. உள்ள நெறைய இருக்கையிலயும் இன்னும் இழுத்துக்கிடுதே, அது எப்படிலே?" என்பீர்கள். அந்த "எப்படி"யைத் தாங்க முடியாமல் வேறு படிப்புக்கு ஓடியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இன்று வங்கி மேலாளராக இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் ஒரு முன்மொழிவு எழுதினீர்கள். முதுகலை மாணவரும் ஆய்வு மாணவரும் புதன்தோறும் பிற்பகலில் ஒன்றாக உட்கார்ந்து, செல் சவ்வைப் பற்றிய ஒரே ஒரு கேள்வியை ஆண்டு முழுதும் துரத்தும் ஆய்வுக் கருத்தரங்கு அது. கேள்வி நம் ஆற்றிலேயே நீந்திக்கொண்டிருந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் நன்னீரில் கிடக்கும் ஜிலேபிக் கெண்டை, புன்னைக்காயல் முகத்துவாரத்தின் உப்பு நீரிலும் கிடக்கிறது. நன்னீரில் அதன் உடம்பிலுள்ள உப்பு கசிந்து வெளியே போகும் என்பதால், செவுள் செல்கள் நீரிலிருந்து உப்பை உள்ளே இழுக்கின்றன. கடல் நீரிலோ உப்பு தானாகவே உள்ளே ஏறும் என்பதால், அதே செவுள் உப்பை வெளியே தள்ளுகிறது. நீர் மாறிய சில நாட்களுக்குள் வேலையே தலைகீழாகிவிடுகிறது. திசையை மாற்று என்று அந்தச் சவ்வுக்கு முதலில் சொல்வது எது? இதுதான் உங்கள் கேள்வி.

கல்விக் குழுவின் படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள். கருத்தரங்கின் முடிவில் மாணவர்கள் என்னென்ன அறிந்திருப்பார்கள் என்று பதினான்காம் கட்டம் கேட்டது. "தெரியாது. இப்போதே தெரிந்திருந்தால் கருத்தரங்கு வேண்டியதில்லை" என்று உங்கள் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் எழுதினீர்கள். படிவம் திரும்பி வந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்பினீர்கள். மறுபடியும் வந்தது, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் முன்மொழிவு தள்ளுபடி என்ற குறிப்போடு. "பொய் எழுதி ஒரு வகுப்பு நடத்தணுமாக்கும்? அப்படி ஒரு வகுப்பு எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, அதே படிவத்தை என் கையில் கொடுத்து அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் பஸ் ஏறினீர்கள்.

அந்தப் படிவம் நீங்கள் கொடுத்தபடி அலுவலகத்துக்குப் போகவில்லை, அம்மா. நானும் சுகிர்தாவும் உங்கள் கையெழுத்து இருந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவிவிட்டு, அழகழகாய் ஏழு பயன்களைத் தட்டச்சு செய்து சேர்த்தோம். ஆய்வக உதவியாளர் மணிராஜ், "இது சரியில்ல சார், மேடத்துக்குத் தெரிஞ்சா தொலிய உரிச்சிருவாங்க" என்றார். என்றாலும் ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தார். ஏழில் மூன்றாவது, "செவுள் செல்கள் திசை மாறும் முறையை மாணவர்கள் ஐயந்திரிபற விளக்குவர்" என்பது. அந்த "ஐயந்திரிபற" என் கைவண்ணம். ஒன்பதே நாளில் ஒப்புதல் வந்தது. உலகத்து ஆய்வகங்கள் இன்னும் முட்டிமோதும் கேள்விக்கு நம் கல்லூரி ஆவணப்படி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்தாயிற்று.

ஒப்புதல் கடிதம் மட்டும் உங்கள் மேசைக்கு வந்தது, படிவம் அலுவலகக் கோப்பில் தங்கிவிட்டது. "பாத்தியளா, தெரியாதுன்னு எழுதுனதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்படியும் மனுசங்க இருக்காங்க" என்று நீங்கள் கண் கலங்கினீர்கள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது கோழைத்தனம், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் புதனன்று புது மாணவரிடம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். "நமக்குத் தெரியாதுன்னு கல்லூரியே எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கு. பெறகு நீ எதுக்கு வெக்கப்படுத?" என்று கேட்பீர்கள். அதைக் கேட்டு வாய் திறந்தவர்கள் பலர். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த கோமு, எங்கள் யார் வகுப்பிலும் ஒரு சொல் பேசியறியாத பெண். அவர் அன்றைக்கே எழுந்து, "செல்லு திசை மாத்துதா மேடம், இல்ல பழைய செல்லு செத்துப் புதுசு வருதா?" என்றார். அறையில் யாருக்கும் விடை தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழக விருது வாங்கிய நாளில்கூட உங்கள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நாங்கள் பார்த்ததில்லை.

பேருந்து நடத்துநர் மீரா முகைதீனையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிடித்த மீனைக் கேனில் ஏற்றிவந்த மாணவர்களிடம் அவர், "உப்புத் தண்ணியில விட்டா மீனுக்குத் தாகம் எடுக்குமா?" என்று விளையாட்டாகக் கேட்டார். மாணவர்கள் சிரித்துக்கொண்டே வந்து உங்களிடம் சொன்னார்கள், நீங்கள் சிரிக்கவில்லை. மூன்று புதன்கிழமைகள் அந்தக் கேள்விக்கே போயின. எடுக்கும், கடல் நீரில் மீன் தண்ணீர் குடிக்கிறது, கூடவே போகும் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. இதை அந்த அண்ணாச்சியிடம் நேரில் சொல்லிவரும்படி ஆய்வு மாணவி அஸ்ஃபியாவை அதே பேருந்தில் அனுப்பினீர்கள். அண்ணாச்சியோ, "அப்பம் அதைக் குடிக்கச் சொல்லுதது யாரு?" என்று அடுத்த கேள்வியைக் கொடுத்தனுப்பினார். அதற்கு மூன்று ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டி மூன்று விடைகளோடு நின்றோம்.

இப்படியே போயிருந்தால் நாங்களும் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்போம். சென்ற மாதம், விழாவுக்கு என்ன நினைவுப் பரிசு வேண்டும் என்று உங்களிடம் கேட்டோம். கடிகாரம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம் என்றீர்கள். "அலுவலகக் கோப்புல பதினாலாம் கட்டத்துப் பக்கம் இருக்கும்லா, முத்திரையோட. அதை ஒரு நகல் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாங்க, எனக்கு அது போதும்" என்றீர்கள். அப்படி ஒரு பக்கம் இல்லை. முத்திரை எங்கள் ஏழு பொய்களுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் எழுதிய பக்கம் இத்தனை நாளும் சுகிர்தாவின் மேசை இழுப்பறையில் கிடந்தது, கிழித்துப்போட எங்களுக்குக் கை வரவில்லை.

தனியே சொல்லிவிட மூன்று முறை உங்கள் அறைக்கு வந்தோம். முதல் முறை நீங்கள் புத்தகங்களைப் பங்குவைத்துக்கொண்டிருந்தீர்கள், நான் கேட்காத அகராதி ஒன்றை என் கையில் திணித்தீர்கள். இரண்டாம் முறை சுகிர்தா அழுதுவிட்டார், பிரிவை எண்ணி அழுகிறார் என்று நீங்களே தண்ணீர் கொடுத்துத் தேற்றினீர்கள். மூன்றாம் முறை அறை பூட்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், பூட்டைப் பார்த்து எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பைய உட்கார்ந்து யோசித்தோம். எட்டு ஆண்டு மாணவர்களும் உங்கள் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்கள், அவர்கள் எல்லாரும் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். மேடம் நம்மிடம் பொய் சொன்னார் என்று நாளை ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. பொய் எங்களுடையது என்பதை அவர்கள் காதிலும் விழும்படி சொல்வதே முறை என்று முடிவு செய்தோம். முதல்வர் ஐயாவிடம் நேற்றே எழுத்தில் கொடுத்துவிட்டோம், ஆகவே மேடையில் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை.

கருத்தரங்குக்கான ஒப்புதல் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் பணியோடு அதுவும் முடிகிறது. வரும் ஆண்டுக்குப் பதினான்கு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நானும் சுகிர்தாவும் புதிதாக முன்மொழிந்து, பதினான்காம் கட்டத்தில் உங்கள் வரியை அப்படியே எழுதி அனுப்பினோம். பழைய பக்கத்தை மாற்றியதையும் தனித்தாளில் எழுதி இணைத்தோம். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. செவ்வாய் காலை பதினோரு மணிக்குக் கல்விக் குழுவின் முன் நேரில் வந்து இரண்டுக்கும் விளக்கம் தர வேண்டுமாம். ஏழு பயன்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தால் எல்லாம் சுமுகமாக முடியும் என்று நலம் விரும்பிகள் சிலர் காதில் ஓதுகிறார்கள். எழுத மாட்டோம். அதனால் கருத்தரங்கு நின்றுபோகலாம், எங்கள் மேல் நடவடிக்கையும் வரலாம். உங்கள் இடத்தில் நின்று பார்த்த பிறகுதான், அந்த ஒரு வரியை மூன்று முறை மாற்றாமல் அனுப்ப எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்தது.

அம்மா, நீங்கள் நூறாண்டு நலமோடு வாழ வேண்டும். முழங்கால் வலி தீர்ந்து முகத்துவாரம் வரை நடக்க வேண்டும், நடக்கும் வழியெல்லாம் எங்களுக்குத் தோன்றாத கேள்விகள் உங்களுக்குத் தோன்ற வேண்டும், தோன்றிய உடனே எந்த நேரமென்று பாராமல் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குடைய வேண்டும். நீங்கள் கேட்ட சட்டத்துக்குள் உங்கள் கையெழுத்துப் பக்கத்தை முத்திரை இல்லாமலே வைத்து, அதன் அருகே இந்த மடலின் நகலையும் வைத்திருக்கிறோம். வாங்கிக்கொள்ள மனம் இல்லையென்றால் மேசையிலேயே விட்டுவிடுங்கள், குறை சொல்ல மாட்டோம்.

ஏற்புரையில் எங்களை வாழ்த்த வேண்டாம். கோபம் இருந்தால் எல்லார் முன்னிலையிலும் மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை குழுவின் முன் நிற்பதற்குள் உங்கள் முன் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று, முன்வரிசையில் சுகிர்தா எழுந்துவிட்டார், அவருக்குப் பக்கத்தில் போய் நானும் நிற்கப் போகிறேன். நீங்கள் பேசி முடிக்கும் வரை நாங்கள் உட்கார மாட்டோம்.

என்றும் உங்கள் அன்புக்கு ஏங்கும்
விலங்கியல் துறையினர் சார்பில்,
சிவகணேஷ்
சுகிர்தா
தன் பெயரையும் கட்டாயம் சேர்க்கச் சொன்ன மணிராஜ்