ஹத்சுயேவின் நல்ல உருண்டைகள்

— தாடை வலிக்கு எவனாச்சும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவானா? பல் டாக்டர் கேட்டா சிரிப்பாரு. அந்த இறால் குச்சிய எடுத்துக் குடு, எண்ணெய் காயுது.

— தாடை மட்டுமா, ஹத்சுயே? முதுகுலயும் பிடிக்குதுங்கிற. மூஞ்செல்லாம் வேர்த்துக் கொட்டுது.

— முப்பது வருஷமா கொதிக்கிற எண்ணெய் முன்னாடி நிக்கிறேன், வேர்க்காம பனியா பெய்யும்? கட்டுன புருஷன் கண்ணுக்கு இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்.

— பொம்பளைங்களுக்கு மாரடைப்பு நெஞ்சுல தெரியாம தாடைலகூட தெரியும்னு டிவில...

— டிவி பார்த்தே டாக்டர் ஆயிட்டாரு கென்கிச்சி! யோவ், என் ரிப்போர்ட்ட மறந்துட்டியா? கொலஸ்ட்ரால்ல நல்ல உருண்டை, கெட்ட உருண்டைன்னு ரெண்டு. எனக்கு நல்லது எண்பத்தெட்டு. உனக்கு? முப்பத்தாறு! சாகணும்னா நீதான்யா முதல்ல சாகணும்.

— நல்ல உருண்டை இருக்கு, இதயத்துக்குக் காவல் இருக்குன்னு மெதப்புல திரியாதீங்கன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு.

— அதுக்குத்தான வைட்டமின் ஈ முழுங்கறேன். தங்கமாட்டம் மாத்திரை, ரத்தம் வழுக்கிக்கிட்டு ஓடும்.

— அத முழுங்கினா மாரடைப்பு நிக்காதுன்னும் அவருதான் சொன்னாரு. மூஞ்சி பளபளன்னு ஆனதுதான் மிச்சம்.

— ஆச்சா இல்லையா? அத முதல்ல ஒத்துக்க.

— ஆச்சுடி, ஆச்சு. இப்ப சாம்பல் பூத்தாப்ல இருக்கு. வா, கொஞ்சம் உக்காரு.

— மத்தியானக் கூட்டத்துல உக்காரவா? கேளு. ஆம்புலன்ஸ் வந்தா கடைத்தெருவே வேடிக்கை பார்க்கும். குச்சில குத்திப் பொரிச்சு விக்கிறவளுக்கே நெஞ்சடைச்சிருச்சாம்னு ஓசாகா பூரா பேசும். அப்புறம் எவன் நம்ம கடைக்கு வருவான்?

— சைரன் போடாம வந்தா?

— டோஃபு கடைக்காரியும் அப்படித்தான் போன்ல கெஞ்சுனா. ஊளையிட்டுக்கிட்டேதான் வந்தானுங்க. பாவம், ஒரு மாசம் வெளிய தலைகாட்டல.

— நீ இல்லன்னா எனக்கு அந்த சாஸ் கலக்கக்கூடத் தெரியாது.

— அதான பார்த்தேன்! சாஸுக்காக அழற.

— சாஸுக்காக இல்லடி. நீ செத்துருவியோன்னு பயமா இருக்கு.

— யோவ்... கடைல வச்சு என்ன இது? கண்ணத் துடை. கதவு திறக்குது பாரு. வாங்க, வாங்க! திரும்ப முடியல, கை வேலையா இருக்கு. எத்தன பேரு?

— மூணு பேரும்மா.

— மூணு பேருக்கு இடமில்லையே ராசா. செத்த வெளில நில்லுங்க.

— ஹத்சுயே, அந்த இடுக்கிய கீழ வை.

— நீ சும்மா இரு. வர்ற கிராக்கிய விரட்டாத. தம்பி, என்ன பொரிக்கட்டும்? இறாலா, தாமரைக் கிழங்கா?

— நாங்க சாப்பிட வரலம்மா. சைரன தெருமுனையிலயே அணைச்சுட்டோம், உங்க வீட்டுக்காரர் போன்ல அவ்வளவு கெஞ்சுனாரு. மெதுவா திரும்பி என் தோளப் பிடிச்சுக்கங்க.