மஞ்சள் விளக்கு அணைந்த விதம்

முதல் தாளில் எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. டயர் கடையில் இருபத்தொரு வருடமாக வேலை செய்கிறேன். கடை என் சித்தப்பாவுடையது. விபத்தில் சிக்கிய சாம்பல் நிறக் காரை எனக்குத் தெரியும். அதன் சொந்தக்காரரையும் தெரியும், தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் அவரை ஏகாம்பரம் என்போம். அது அவர் பெயர் அல்ல. எல்லாம் தெரிந்தவர் என்பதால் நாங்கள் வைத்த பட்டம்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் இந்த விஷயமாக முதல் முறை வந்தார். டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கு எரிகிறது, விளக்கில்தான் கோளாறு என்றார். நான் காற்று அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்ததில் இடது பின் டயரில் முப்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து இருந்தது. அதன் பிறகு காற்றை நிரப்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பட்டனை விளக்கு மூன்று முறை சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்து விளக்கை அணைத்தேன். டயரில் திருகாணி ஏறியிருக்கிறது, கழற்றி ஒட்ட அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சர் கடைக்காரன் பஞ்சர் என்றுதான் சொல்வான் என்று போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு மறுபடி வந்தார். இந்த முறை அவர் மனைவியும் பக்கத்து சீட்டில் இருந்தார், மடியில் விடைத்தாள் கட்டு. விளக்கு எரிகிற இடத்தில் கறுப்பு டேப் பாதி உரிந்து தொங்கியது. இரண்டு நாளாக ஒட்டி வைத்திருந்ததாகவும், வெயிலில் டேப் நிற்கவில்லை, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்றும் அவரே சொன்னார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. இந்த இடத்தில் அவரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லை எழுத முடியாது என்று எழுதுகிற காவலர் சொன்னதால் அதை விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு கேஜ் வைத்தேன். இடது பின் டயரில் இருபத்தொன்று. கண்ணால் பார்த்தாலே தெரியும்படி அது தரையில் பிதுங்கி நின்றது. காற்றுக்கு இரண்டு வண்டி முன்னால் நின்றதால் பத்து நிமிடம் ஆகும் என்றேன். அவருக்கு ஒன்பது மணிக்குக் கூட்டமாம். பட்டனை அழுத்தினாலே போதும் என்று வீடியோவில் பார்த்தாராம். பார்த்தவர் அந்தப் பட்டனைத் தேடி ஏசியை அணைத்தார், வைப்பரை ஓடவிட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "காத்தெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம். எனக்கு லைட்டு போனா போதும், நீ அமுக்கிவிடு" என்றார்.

அந்தப் பட்டன் டயரைச் சரிசெய்யாது. நான்கு டயரும் இப்போது இருக்கிற நிலைதான் சரியான நிலை என்று காருக்குச் சொல்லிக்கொடுக்கும். காற்றை நிரப்பாமல் அழுத்தினால், குறைந்த காற்றையே கார் சரி என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்தும் நன்றாக இறங்கினால்தான் மறுபடி விளக்கை எரியவிடும். இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பட்டனை நான்தான் அழுத்தினேன். இந்த ஆள் நடுரோட்டில் சட்டை அழுக்காக ஜாக்கியோடு மல்லுக்கட்டினால்தான் புத்தி வரும் என்று நினைத்து, சந்தோஷமாகவே அழுத்தினேன். விளக்கு அணைந்தது. இவ்வளவுதான் விஷயம் என்று அவர் மனைவியிடம் பெருமையடித்தார். தன்னை ஆபீசில் இறக்கிவிட்டு பைபாஸ் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்படியும் சொன்னார். அது என் காதில் நன்றாக விழுந்தது.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "அண்ணா, காத்து சரியா இருக்கா? பைபாஸ்ல போகலாம்ல?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் காரில் வந்தவர்களில் டயரைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டே, "லைட்டுதான் போயிடுச்சே, அப்புறம் என்ன" என்றேன். அவர் கணவரைக் குத்துவதற்காகச் சொன்னது அது. அந்த அம்மா அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

ஒன்பது இருபதுக்கு பைபாஸில் டயர் வெடித்து, கார் தடுப்புச் சுவரில் மோதியதாக மதியம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு வலது கை மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. இனி அந்தக் கையால் எழுத முடியுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. நேற்று சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளே அமுக்கிட்டான்னு சொல்லிடு. பாத்தது யாரு?" என்றார். நானும் அப்படிச் சொல்லத்தான் இங்கே வந்தேன். ஏகாம்பரத்தின் மேல் பழி விழுந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இப்போதும் இல்லை.

அதன் பிறகு ஆய்வாளர், அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். டயர் கடை அண்ணா பார்த்துத்தான் அனுப்பினார் என்றும், நேரமாகிவிட்டது என்று தான்தான் வேகமாக ஓட்டிவிட்டதாகவும் யார் மேலும் தப்பில்லை என்றும் அதில் இருந்தது.

அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் பார்த்தேன், இருபத்தொன்று என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் மிரட்டவில்லை, நடந்தது நடந்தபடியே இருக்கிறது. மேலே ஏகாம்பரத்தைப் பற்றி எழுதாமல் விட்ட அந்தச் சொல்லை, என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

(கையொப்பம்)