வரி கட்டி வாங்கிய ஸ்வெட்டர்

"திருச்சி வெயில்ல ஸ்வெட்டர் போட, நானே வரி கட்டிட்டு வரேங்க" என்றார் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த பெரியவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆனவர் என்று பேச்சில் தெரிந்தது. மடியில் வெளிநாட்டுப் பார்சல்.

"பொண்ணு அனுப்பின பரிசுக்குக் கூடவா கஸ்டம்ஸ்?" என்றார் அவர் பக்கத்தில் இருந்த நண்பர்.

"ஆமாங்க. கட்டலைன்னா திருப்பி அனுப்பிடுவோம்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"அனுப்பட்டும்னு விட்டிருக்கலாமே?"

பெரியவர் பார்சலை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு மூணு வருஷமா அவகூட நான் பேசலைங்க. அப்புறம் அவ அனுப்பின முதல் பொருள் இது. திரும்பிப் போனா, அப்பா வேண்டாம்னுட்டாருன்னுதானே நினைப்பா? வரி அதிகம்னு விட்டேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வந்துடுச்சுன்னு ஒரு போன் போடுங்க."

"நம்பரை அன்னிக்கே அழிச்சுட்டேன்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. நண்பர் பார்சலைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த கஸ்டம்ஸ் சீட்டை உற்றுப் பார்த்தார். அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஒரு நம்பர் இருந்தது.

"நான் படிக்கிறேன், நீங்க போடுங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"மெதுவாப் படிங்க" என்றார்.