இரண்டு விரல் திறப்பு

விமானத்துக்குள் காற்று நுழையும் வழியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள் ஐயா. அது வெளியேறும் வழியை யாரும் கண்டுகொள்வதில்லை.

முன்பக்கம் நுழையும் காற்று எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு, விமானத்தின் அடிவயிற்றில் உள்ள திறப்பு வழியாக வெளியே போக வேண்டும். படம் விட்டதும் ஒரே வாசலில் முண்டியடிக்கும் கூட்டம் போல, அது அங்கே தடுமாறி விமானத்தையே பின்னுக்கு இழுக்கும். நானும் என் தங்கை புருஷனும் கார் ஷெட்டில் ஏழு வருடம் பாடுபட்டுக் கட்டிய விமானம் அது. எனக்குக் கண்பார்வை போதாது. கட்டுவது நான், ஓட்டுவது அவன். திறப்பில் வளைந்த தகடு ஒன்றைப் பொருத்தி, நான்கு விரல் இடைவெளியை இரண்டு விரலாகக் குறுக்கினேன். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவது போல, காற்று தடுமாறாமல் பின்பக்கம் பீறிட்டது. வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் கூடியது. அன்று அழுதுவிட்டேன். நான் நினைத்த ஒரு காரியம் நினைத்தபடி நடந்தது அதுதான் முதல் தடவை.

"வேகமெல்லாம் சரி மச்சான். சூடு முள்ளு சிவப்பைத் தொடுதே. விமானப் போட்டிக்கு முன்னாடி திறப்பைப் பழையபடி பெருசாக்கிடலாம்" என்றான்.

"போட்டி முடியட்டும் மாப்ளே."

"தகட்டைக் கொஞ்சினது போதும், என் உசிரையும் கொஞ்சம் பாரு" என்று சிரித்தான். முள் மறுபடி ஏறினால் தானே தகட்டைக் கழற்றிவிடுவதாகவும் சொன்னான்.

நான்கு சிலிண்டருக்கும் ஒரே வெப்பமானிதான். சூட்டை உணரும் அதன் முனை பின் சிலிண்டரில் இருந்தது. அதிகம் கொதிப்பது அதுதான். போட்டியன்று காலை அவன் டீ குடிக்கப் போனபோது, முனையைக் கழற்றி முன் சிலிண்டரில் மாட்டினேன். குளிர்ந்த காற்று முதலில் படுவது அங்கேதான். ஐந்து நிமிட வேலை.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தவன், "முள்ளு இறங்கிடுச்சே, என்ன பண்ணினே?" என்றான்.

"தகட்டைக் கொஞ்சம் தேய்ச்சேன்" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டு ஏறினான்.

மூன்றாவது சுற்றில், மரங்களுக்கு மேலே, எஞ்சின் சூட்டில் இறுகி நின்றது. விழுந்த இடத்துக்கு நான்தான் முதலில் ஓடினேன். அவன் கை இன்னும் சூடாக இருந்தது.

"அண்ணா, முள்ளு சரியாத்தானே இருந்துச்சு?" என்று தங்கை கேட்டாள். "இருந்துச்சும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நெஞ்சு வெடித்தது. அவனை என் கூடப்பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தேன் ஐயா.

செத்துப்போவான் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ஆனால் அந்தத் திறப்பை அகலமாக்கிவிடுவானோ என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய பயமாக இருந்தது.